எழுப்பாதே என்று ஒரு வரி

ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் அவள் படுக்கப் போவாள். பதினேழு வருடமாக அப்படித்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆவிக்குள் இருவர் நடனமாடுவதுபோல் இருக்கும். கிட்டப் போனால்தான் இடுப்பு வலி தெரியும். ஓர் இரவுக்கு அறுநூறு விரிப்பு. 'மடிப்பு' என்ற பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. இப்போது ஊர்க் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அவள் மடிப்பு அக்கா.

படுத்துக் கண்ணை மூடினாலும் விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். வெள்ளை மேல் வெள்ளையாக, சத்தமில்லாமல். அவள் மடிக்க மடிக்க அவை இலேசாகி, துணியா மேகமா என்று தெரியாமல் போகும். தெருவில் போகிற ஸ்கூட்டர் சத்தம் அந்த மேகத்துக்குள் ஒரு வண்டாகி முனகும். அந்த அரைத்தூக்கத்தில்தான் அவளுக்குப் பாட்டு வரும். தலையணை அடியில் பென்சில் இருக்கும். எழுந்து பார்த்தால் பாதி எழுத்து சுவரில் கிடக்கும்.

அவளுடைய பாட்டுகளிலேயே புகழ்பெற்றது ஒரு பொய்யில் பிறந்தது.

மகளுக்கு அப்போது நாலு வயது. கணவன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தான். மருத்துவமனைக்குக் குழந்தைக் காப்பகம் உண்டு. நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். சுத்தமான விரிப்பில் நோயாளி நன்றாகத் தூங்க வேண்டும் என்று சுவரெல்லாம் எழுதி வைத்த நிர்வாகத்துக்கு, அதைத் துவைத்தவள் எப்போது தூங்குவாள், அவள் தூங்கும்போது அவள் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்வி பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. இரவில் தம்பி பார்த்துக்கொண்டான். பகலில் அவன் குழாய் வேலைக்குப் போய்விட, கறுப்புக் கம்பளி கட்டிய ஜன்னலுக்குக் கீழே அந்த நாலு வயது தனியாக, சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும்.

"நிலா ஏம்மா பகல்ல வர்றதில்ல?" என்று ஒருநாள் கேட்டது.

"அதுக்கும் நைட் ஷிஃப்ட்டுடி. பகல்ல தூங்குது. எழுப்பாத, பாவம்."

குழந்தை விரலை உதட்டில் வைத்துக்கொண்டது. அந்த விரலைப் பார்த்தபடியே அவள் தூங்கிப்போனாள். எழுந்தபோது சுவரில் இருந்தது:

பகலெல்லாம் நிலா தூங்குது,
உஸ்... எழுப்பாதே, எழுப்பாதே.

இரண்டு வருடம் கழித்து 'மூணேகால்' என்ற இசைக்குழு உண்டானது. அவள் அக்கார்டியன், பழைய சாமான் கடையில் வாங்கியது, ஒரு கட்டை மட்டும் எப்போதும் இருமும். தம்பி, வெட்டி மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்களை நீள வாரியாகக் கட்டிச் செருப்பால் அடிப்பான். மூன்றாமவர் முடிவெட்டுகிறவர், கிட்டார், வாய் இரண்டிலும் கெட்டிக்காரர். கால், பட்டாணி போட்ட டப்பாவைக் குலுக்கும் ஆறு வயது மகள். யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை. எந்தக் கம்பெனியின் பெயரையும் சட்டையில் போட்டுக்கொள்ளவில்லை. நூலகம், பூங்கா, பள்ளி மைதானம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பார்கள். கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று தம்பி ஒரு பாட்டு வைத்திருந்தான். பெற்றோர் முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பார்கள். வெட்டினால் முடிக்கு ஏன் வலிப்பதில்லை என்பது கிட்டார்க்காரருடையது. கடைசியில் நிலாப் பாட்டு. 'உஸ்' வரும்போது இருநூறு குழந்தைகள் விரலை உதட்டில் வைப்பார்கள். மைதானமே மூச்சை அடக்கும். அந்த அரை நிமிஷ அமைதிக்காகவே வருகிறோம் என்று சொன்ன அம்மாக்கள் உண்டு.

பதினைந்து வருடம் இப்படிப் போயிற்று. மகள் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டருக்குப் போகிறாள். நிலாப் பாட்டு தொடக்கப் பள்ளிகளுக்கான பாட்டுப் புத்தகத்தில் சேரப்போகிறது என்று கடிதம் வந்தது. அச்சுப் படியைப் பார்த்து, கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிறு, நூலகத் தோட்டத்தில் காலை நிகழ்ச்சி முடிந்து அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது, ஒருவர் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டடம் கட்டுமிடத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"பாட்டு எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

அவர் ஒரு தாளை விரித்தார். பள்ளிக்கூடம், சூரியன், ஒரு கிரேன். அதன் கொக்கிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பாதி நிலா. நிலாவின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கீழே, 'பகலில் நிலா வராது. பாட்டைக் கவனி.'

"பத்து நாள் முன்னாடி, ஸ்கூல் விடற நேரம். பாத்ததைத்தான் வரைஞ்சிருக்கா. பாத்தேன்னு சொன்னதுக்கு, பொய் வேற சொல்றியான்னு ஒரு பீரியட் பூரா நிக்க வெச்சிருக்காங்க."

"அது... ஒரு கற்பனைங்க. குழந்தைகளுக்காக."

"கற்பனைக்கு யாராவது மார்க் கொறைப்பாங்களா? நான் நாள் பூரா மேலதான் உக்காந்திருக்கேன். மாசத்துல பாதி நாள் அது எனக்குப் பக்கத்து சீட்டு." அவர் குரல் உயரவில்லை. "பெருசா ஒண்ணும் வேணாம். தப்பு பாட்டுலதான், புள்ள மேல இல்லன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஸ்கூல்ல காட்டறேன்."

சிறுமி இதையெல்லாம் கேட்கவில்லை. நூலகக் கூரைக்கு மேலே கையை நீட்டினாள். "அதோ. தூங்கவே இல்ல."

மேற்கே, கரையத் தொடங்கிய மாத்திரை போல, ஒரு பக்கம் தேய்ந்த நிலா. நீலத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ விரலால் தொட்டதுபோல் அவ்வளவு மெலிதாக. மணி ஒன்பது.

"ரெண்டு மூணு நாள் டைம் குடுங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து நடந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு வெகு மேலே நின்றது. அவள் வீடு மேற்கே. நடக்க நடக்க அது முன்னால் நடந்தது. செவ்வாயன்று இன்னும் உயரத்தில், இன்னும் இளைத்து. பதினேழு வருடம் இதே பாதையில், இதற்குக் கீழேயே, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறாள். ஊருக்கு நிலாவைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

செவ்வாய் முடிவெட்டும் கடைக்கு விடுமுறை. சுழல் நாற்காலிகளில் உட்கார்ந்து மூவரும் பேசினார்கள்.

"ஏம்மா, நரி பேசுதுன்னு பாடறோம், அதையும் திருத்துவியா?" என்றார் கிட்டார்க்காரர். "பாட்டுன்னா பாட்டு."

"நரி பேசலைன்னு சொன்ன புள்ளைய யாரும் நிக்க வெக்கலையேண்ணே" என்றான் தம்பி.

"நீ குழாய்லயே கவனமா இரு. அந்த 'உஸ்' போச்சுன்னா நம்மள எவன் கூப்பிடுவான்? புக்குல வேற வருது. நாளைக்கு அனுப்பலன்னா தூக்கிடுவாங்க."

"புக்குல வந்தா இன்னும் ஆயிரம் டீச்சர் சிவப்பு மையோட நிப்பாங்க."

இருவரும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்கள். ஒரு வரியை மாற்றுவது அவளுக்குப் பெரிதல்ல. அந்த வரிக்குள் ஒரு நாலு வயதுக் குழந்தை உதட்டில் விரலோடு உட்கார்ந்திருந்தது. தான் கெட்ட தாய் அல்ல என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்: தனிமையைப் பாட்டாக்கிக் கொடுத்தோம், குழந்தை நம்பியது, சந்தோஷமாக இருந்தது.

"நீயே முடிவு பண்ணு" என்று கிட்டார்க்காரர் எழுந்து, முடியே இல்லாத தரையைப் பெருக்கினார்.

வீட்டில் மகள் பிற்பகல் ஷிஃப்டுக்குச் சீருடை தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நிலா தூங்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்மா."

"என்னது?"

"இந்த ஜன்னல்லதான். கம்பளியோட கீழ் முனையத் தூக்கிட்டுப் பாப்பேன். நெறைய நாள் இருக்கும். மெதுவா அந்த மொட்டை மாடிக்குப் பின்னால எறங்கற வரைக்கும் பாத்துட்டே இருப்பேன். வேற என்ன வேலை?"

"என்கிட்ட சொல்லவே இல்லையேடி!"

"நீதானே எழுப்பாதன்னு பாட்டு கட்டியிருந்த." மகள் சிரித்தாள். "ஒருதடவ ரொம்ப அழகா இருந்துச்சு. உன் தோள்வரைக்கும் கை கொண்டுபோயிட்டேன். வாயத் தொறந்து தூங்கிட்டிருந்த. விட்டுட்டேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பளியின் கீழ் முனை மட்டும் நூல் பிரிந்து, அழுக்கேறி, சின்னக் கைகள் பிடித்த இடமாக மடங்கியே இருந்தது. எத்தனையோ தடவை துவைத்தும் அந்த மடிப்பு போகவில்லை. எலி கடித்தது என்று நினைத்திருந்தாள்.

அன்று பகல் அவள் தூங்கவில்லை. மூன்று மணிக்குத் தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், 'எழுப்பாதே'ய 'எழுப்பு'ன்னு மாத்திட்டேன். ஆனா தாளம் இடிக்குது. ஒரு தட்டு கொறையுது."

மறுமுனையில் யாருடைய குளியலறையோ. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். பிறகு ஸ்பானரால் குழாயில் ஒரு தட்டு. டொக்.

"கதவ தட்டின மாதிரி. போதுமா?"

போதும். அவள் அச்சுப் படியில் பழைய வரிகளை அடித்துவிட்டு எழுதினாள்:

பகலிலும் நிலா வருது,
ஏய்... எழுப்பு (டொக்), எழுப்பு (டொக்).

எல்லாப் பகலும் அல்ல, அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியன்றும் பகலில் தேடிப் பயனில்லை என்று தம்பி சொன்னதையும் இரண்டாம் சரணத்தில் சேர்த்தாள்.

புதன் காலை வேலை முடிந்து நேராகப் பள்ளிக்குப் போனாள். கிரேன்காரரும் மகளும் வாசலில் நின்றார்கள். வகுப்பறையில் ஆசிரியை அவள் எழுதி வந்த கடிதத்தைப் படித்தார்.

"பாட்டு ஸ்கூல் லிஸ்ட்ல இருக்கு மேடம். அத வெச்சுத்தான் திருத்தினேன்."

"பாட்டு நான் எழுதினது. எழுதும்போது எனக்குத் தூக்கம். தப்பு என்னோடது. அதுக்கு இந்தப் பொண்ணு ஏன் நிக்கணும்?"

"வெளிய கூட்டிட்டுப் போயி காட்டறதுக்கெல்லாம் டைம்டேபிள்ல எடமில்ல."

"ஜன்னல்ல எடம் இருக்கே டீச்சர்" என்றார் கிரேன்காரர்.

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு அந்தத் தாளைக் கையில் எடுத்து, சிவப்புப் பெருக்கலை அழிக்க வழி தெரியாமல், பக்கத்தில் ஒரு சரி போட்டார். கடிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். 'சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்' என்று அதன் அடியில் அவளுடைய போன் எண் இருந்தது. இருபது பிள்ளைகள் அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்கள்.

திருத்திய பாட்டு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்றும் பரிசீலனையில்தான் இருக்கிறது. புத்தகம் வெளிவந்துவிட்டது, அந்தப் பக்கத்தில் பெரியவர் சொல்லைத் தட்டாத ஒரு கிளியைப் பற்றிய பாட்டு. 'உஸ்' போனதில் இரண்டு நூலகங்கள் கூப்பிடுவதை நிறுத்தின. கிட்டார்க்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மேடையில் முதல் 'டொக்' விழுந்து, பிள்ளைகள் நாற்காலி, தண்ணீர் பாட்டில், தங்கள் அப்பாக்களின் தலை என்று கிடைத்ததிலெல்லாம் தட்டியபோது, "சரி, இது வேற மாதிரி" என்று முனகினார்.

அடுத்த மாதம் ஒரு காலை எட்டரை மணி. விரிப்புகள் மிதந்து வரத் தொடங்கிய நேரம். போன் அடித்தது.

"நான் டீச்சர் பேசறேன். தூங்கிட்டீங்களா? முப்பத்திரண்டு பேரும் மைதானத்துல நிக்கிறோம். உங்க பக்கம் தெரியுதான்னு கேக்கறாங்க."

அவள் பாதித் தூக்கத்தோடு எழுந்து நடந்தாள். அறை வெளிச்சமாக இருந்தது. ஜன்னலில் கம்பளி இல்லை. நான்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மகள் வேலைக்குப் போயிருந்தாள். எதிர் மொட்டை மாடிக்கு மேலே, இறங்க அவசரமில்லாமல், அது நின்றது.

"தெரியுது" என்றாள்.

போனுக்குள் முப்பத்திரண்டு நாக்குகள் ஒன்றாகத் தட்டின. டொக்.