எனக்கு வைத்த கல்

விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி, நிலவியல் பேராசிரியையான எனக்கு ஓய்வு பெறுவதையொட்டிப் பாராட்டு விழா நடத்தியது. பொன்னாடை போர்த்தும் வரை எனக்கும் மகிழ்ச்சிதான். பிறகு நினைவுப் பரிசு என்று இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்ததைப் பார்த்து முகம் சுருங்கிவிட்டது.

பளபளவென்று தேய்த்த கருங்கல். திண்டிவனத்தில் சாலையோரக் கடை ஒன்றில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் வருஷம் முழுக்கச் செய்வது கல்லறைக் கல். பழக்க தோஷத்தில் என் பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, ஓய்வு பெறும் வருஷம் என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

முதல்வர் மைக்கைப் பிடித்தார். அம்மா உழைத்தது போதும், இனி பேரப்பிள்ளைகளைக் கொஞ்சட்டும், அவருடைய ஆய்வகத்தில் திங்கட்கிழமை முதல் தேர்வுத்தாள்களை அடுக்கப்போகிறோம் என்றார். கைதட்டினார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போன காலத்திலிருந்து நான் தனி ஆள். எனக்கு ஏது பேரப்பிள்ளை?

அந்த ஆய்வகத்தில் அப்போதும் என் வேலை ஓடிக்கொண்டிருந்தது. கடுகைவிடச் சிறிய கனிமத் துணுக்கை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து அழுத்துவேன். பூமியின் அடி ஆழத்தில் கல் என்ன பாடுபடுகிறது என்று அதில் தெரியும். திருகாணியை மெல்ல மெல்லத்தான் திருக வேண்டும். அவசரப்பட்டால் வைரமே உடையும். அப்போது உள்ளே வைத்திருந்த துணுக்கு பாதி வழியில் இருந்தது.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். "கல்லுல பேர் வெட்டிட்டீங்க, சந்தோஷம். என் வேலை இன்னும் முடியலைங்க. முடியுற வரைக்கும் அந்த ரூமைக் காலி பண்ண மாட்டேன்" என்றேன். முதல்வர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

வளவனூரிலிருந்து வந்திருந்த அண்ணன் வெளியே கல்லைத் தடவிப் பார்த்தார். "உயிரோட இருக்கச்சொல்லயே கல்லு வெச்சிட்டாங்களேம்மா. இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போவ வேணாம்" என்றார். எனக்கும் அந்த எண்ணம் இல்லை.

திங்கட்கிழமை தேர்வுத்தாள் கட்டுகளோடு ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வாசலுக்குக் குறுக்கே அந்தக் கல்லை ஆள் வைத்து நிறுத்தியிருந்தேன், எழுத்து வெளியே தெரியும்படி. படித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். கல்லறைக் கல்லைத் தாண்டி உள்ளே வர ஒருவருக்கும் கால் எழவில்லை. கட்டுகளோடு திரும்பிப் போனார்கள்.

நான் திருகாணியை இன்னும் கொஞ்சம் திருகினேன்.