எது வரலன்னு அனுப்பு டீச்சர்

1. போர்டுல ஒரு வரி

பொங்கலுக்கு நாலு நாளு இருக்குது. மூனாங்கிளாஸ். போர்டுல சும்மா ஒரு வரி எழுதினேன்: “கோழி கூடையில் முட்டை போட்டது.” தர்ஷினிய எழுப்பி படின்னு சொன்னேன்.

தர்ஷினி யாருன்னா நம்ம கிளாஸ் டாப்பர். தமிழ் புக்க கைல குடுத்தா போதும், வெரல வெச்சி வரி வரியா ஓட்டுவா, எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. எந்த ஆபீசர் விசிட் வந்தாலும் அவளத்தான் எழுப்பி விடுவேன். அன்னைக்கு படிக்கவே ஆரம்பிக்கல.

“டீச்சர், இது எந்த பாடம்?”

“பாடம் இல்லடி, சும்மா படி.”

“பாடம் பேரு சொல்லுங்க டீச்சர், படிக்கறேன்.”

 புக்க எடுத்து நடுவுல ஒரு பக்கத்த தொறந்து, ஒரே ஒரு வார்த்தைய தொட்டு “இது இன்னா?”ன்னேன். அவ மேல இருந்து மொத வரிய முணுமுணுன்னு சொல்லிக்கினே வெரல எறக்கினா. என் வெரலு இருக்கற எடம் வந்ததும் கரெக்டா வார்த்தைய சொன்னா.

மொத்த புக்கும் மனப்பாடம் மக்களே. நான் படிச்சி காட்டறத ஒரு வாட்டி, ரெண்டு வாட்டி காதால கேட்டு அப்படியே உள்ள ஏத்திக்கினு இருக்கா. அம்மாம் பெரிய மண்டை. ஆனா படிக்க தெரியல. ஆறு மாசமா எதிர்ல உக்காந்துக்கினு இருந்த எனக்கு அது தெரியல.

2. பஸ்ல போட்ட ரிப்போர்ட்டு

புதுசா ப்ரைமரி ஸ்கூல்ல டீச்சரா சேரப்போறவங்களுக்குத்தான் இத டைப் பண்றேன். நான் ஒன்னும் பெரிய சீனியர் கெடையாது. மூனு வருஷ சர்வீஸ், அதுவும் தற்காலிகம். ஆனா பண்ண தப்பு பர்மனெண்ட்டு லெவல்.

என் வூடு திண்டிவனம். ஸ்கூலு விழுப்புரம் தாண்டி காணைக்கு அந்தாண்ட. தெனம் விழுப்புரம் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுல எறங்கி, டவுன் பஸ் மாறணும். எங்க எச்எம் டீச்சர் ஒரு ரூல் வெச்சிருந்தாங்க. மாசக் கடைசில ஒவ்வொரு புள்ளையோட அம்மா அப்பாவுக்கும் வாட்ஸப்ல தனித்தனியா ரிப்போர்ட்டு போகணும். “குரூப்புல போட்டுட்டு கழட்டிக்காதம்மா. அந்தந்த புள்ளைய பத்தி அந்தந்த வூட்டுக்கு தெரியணும்.”

நல்ல ரூலுதான். நான் இன்னா பண்ணேன்? பஸ்ல சீட்டு கெடச்சதும் ஒரே மெசேஜ டைப் பண்ணி, பேர மட்டும் மாத்தி மாத்தி, விக்கிரவாண்டி டோல்கேட்டு வர்றதுக்குள்ள இருவத்திரெண்டு பேருக்கும் தட்டி வுட்டுட்டேன். “தினமும் வகுப்பில் ஆர்வமாகப் பங்கேற்கிறார். நன்றாக வாசிக்கிறார். வாழ்த்துகள்.” கூட ரெண்டு ரோஜாப்பூ. மாசா மாசம் இதான். எல்லாரும் திருப்பி கும்பிடு போட்டு அனுப்புவாங்க. நமக்கு எவ்ளோ மரியாதைன்னு கெத்தா திரிஞ்சிக்கினு இருந்தேன்.

3. லீவு லெட்டரு

போர்டு மேட்டர் நடந்த அன்னைக்கே சாயங்காலம் எச்எம் ரூம்ல ஒரு லெட்டர் காத்துக்கினு இருந்துச்சி. தர்ஷினியோட அம்மா செல்வி அக்கா எழுதினது. பத்தாவது பாசு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அக்காவும் வூட்டுக்காரரு ஏழுமலை அண்ணனும் ஜோடியா கரும்பு வெட்டு வேலைக்கு போறவங்க. பொங்கல் முடிஞ்சா கேங்கோட பெண்ணாடம் பக்கம் போயி மூனு மாசம் கொட்டாய் போட்டு தங்கிடுவாங்க.

லெட்டர்ல இப்படி இருந்துச்சி: “என் மகள் நன்றாக வாசிப்பதாக டீச்சர் மாதாமாதம் தெரிவித்து வருவதால், மூன்று மாதம் விடுப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

 புள்ளைய கூட்டிக்கினு போறதுக்கு தைரியம் குடுத்ததே என் மெசேஜுதான்! மூனாங்கிளாஸ்ல மூனு மாசம் போனா இவ நாலாங்கிளாஸ்லயும் மனப்பாடம்தான் ஒப்பிப்பா. அப்புறம் புக்கு பெருசாயிடும், மண்டை தாங்காது, ஒரு நாளு ஸ்கூலே வேணாம்னு நின்னுடுவா.

எச்எம் கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். திட்டல. கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கினே சொன்னாங்க: “இப்ப போயி படிக்க தெரியலன்னு சொல்லாத. ‘மூனு வருஷமா வந்து இதானா கிழிச்சா’ன்னு கட்டாயம் கூட்டிக்கினு போயிடுவாங்க. நல்லா படிக்கறா, லீவு போட்டா கெட்டுடும்னு சொல்லிப் பாரு.”

பொய்ய மூட பொய்யி. ஆனா எனக்கும் அப்போ அதான் சேஃப்னு தோணுச்சி.

4. செல்வி அக்கா வூட்டுல

மறுநாளு போனேன். வாசல்ல ஏழுமலை அண்ணன் வெட்டுக்கத்திய தீட்டிக்கினு இருந்தாரு. செல்வி அக்கா கேப்பை மாவ டப்பால அமுக்கிக்கினு இருந்துச்சி. இடுப்புல எட்டு மாசக் கொழந்தை, தர்ஷினியோட தம்பி. பக்கத்து வூட்டு மஞ்சுளா அக்காவும் இருந்தாங்க. அவங்க பையனும் நம்ம கிளாஸ்தான்.

மஞ்சுளா அக்கா என்னைப் பாத்ததும் சிரிச்சாங்க. “வாங்க டீச்சர். எம்புள்ள அம்மை போட்டு பத்து நாளு வேப்பெலைல படுத்துக்கினு இருந்தான். அந்த மாசமும் தெனம் ஆர்வமா பங்கேற்கிறார்னு அனுப்பனீங்களே. வூட்டுக்கே வந்து பாத்தீங்களா இன்னா?”

செத்தேன். இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. மரியாதைக்கு கும்பிடு போட்டுக்கினு இருந்திருக்காங்க.

“எனக்கும் அதேதாண்டி வருது,” செல்வி அக்கா குறுக்க வந்துச்சி. “ஆனா எம்பொண்ணு நெஜமாவே படிப்பா. டீச்சருக்கு படிச்சி காட்டு தர்ஷினி.”

தர்ஷினி புக்க எடுத்தா, ஓட்டினா. ஏழுமலை அண்ணன் கத்திய வெச்சிட்டு கேட்டாரு. அந்த மொகத்த பாக்கணுமே, அவ்ளோ பெருமை. நான் “நல்லா படிக்கறா, லீவு வேணாம்”னு ஆரம்பிச்சேன். பாதிலயே நிறுத்திட்டேன். கீழ கெடந்த பழைய பேப்பர்ல ஒரு தலைப்ப காட்டி “இத படிடா”ன்னேன்.

தர்ஷினி பேப்பர பாத்தா. அம்மாவ பாத்தா. அழுதுட்டா.

“செல்விக்கா, இவளுக்கு படிக்க வரல. கேட்டத ஒப்பிக்கறா. எனக்கு நேத்துதான் தெரியும். நான் பாக்காமலே மெசேஜ் போட்டுட்டேன்.”

 அப்புறம் செல்வி அக்கா பேசுச்சி. அதுவரைக்கும் ‘நீங்க’, அன்னையில இருந்து ‘நீ’.

“நான் கரும்பு கட்டறேன் டீச்சர். கட்டு லூசா இருந்தா ட்ராக்டர்ல ஏத்தறவன் என் மூஞ்சி மேலயே அவுத்து வுடுவான். நீ ஆறு மாசமா லூசு கட்டா கட்டிக்கினு இருந்திருக்க. அவுத்து வுட ஆளு இல்ல, அதான்.”

“தப்புதான்க்கா.”

“தப்ப வுடு. எம்பொண்ணுக்கு இன்னா வரும், இன்னா வராது? அத மட்டும் சொல்லு. அப்புறம் முடிவு பண்றேன்.”

 டிகிரி, டிடிஎட்டுன்ற டீச்சர் ட்ரெயினிங், டெட்டு பரீட்சை எல்லாம் பாசு. ஒரு அம்மா கேட்ட ஒத்தக் கேள்விக்கு பதில் இல்ல. “ஒரு நாளு டைம் குடுங்கக்கா”ன்னு கேட்டேன்.

5. அரைப் பேப்பரு

அடுத்த நாளு மதிய சாப்பாட்டு நேரம் பூரா தர்ஷினி கூடவே உக்காந்தேன். எழுத்து அட்டைய கலச்சி போட்டு ஒன்னு ஒன்னா கேட்டேன். லைஃப்ல மொத வாட்டி ஒரு புள்ள எப்படி படிக்குதுன்னு பக்கத்துல இருந்து பாத்தேன். அரைப் பேப்பர்ல எழுதி எடுத்துக்கினு போனேன்:

“தனி எழுத்து எல்லாம் தெரியும். ரெண்டு எழுத்து வார்த்தை படிப்பாள். அதற்கு மேல் போனால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை யூகிப்பாள். கொம்பு வரும் எழுத்தில் நிற்பாள். ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டாள்.”

செல்வி அக்கா ரெண்டு வாட்டி படிச்சிச்சி. ஏழுமலை அண்ணன் கிட்ட நீட்டிச்சி.

“இவ இங்கயே உங்க தங்கச்சி வூட்டுல இருக்கட்டும்.”

“அப்ப சின்னவன யாரு பாத்துக்கறது? அதுக்குத்தானே இவள கூட்டிக்கினு போறோம். சுத்தி கத்தி, ட்ராக்டரு. தவழ்ற புள்ள.”

“நான் கட்டு கட்டற எடத்துலயே தூளி கட்டிக்கறேன்.”

“வேலை ஓடாதுடி. நம்ம ஜோடி வெட்டுல பின்தங்கிட்டா மேஸ்திரி கத்துவான்.”

“கத்தட்டும். நான் கத்தாதவளா?”

ஏழுமலை அண்ணன் தர்ஷினிய ஒரு வாட்டி பாத்தாரு. “ஆவட்டும்”னு எழுந்து போயிட்டாரு.

செல்வி அக்கா என் பக்கம் திரும்பிச்சி. “தெனம் அனுப்பணும் டீச்சர். எது வரலன்னு அனுப்பு. நல்லா படிக்கறான்னு மட்டும் ஒரு நாளு வந்துச்சி, அன்னைக்கே பஸ் ஏறி வந்து கூட்டிக்கினு போயிடுவேன்.”

மெரட்டல்னா இதான் மெரட்டல்.

6. கரும்புக் காட்டுல இருந்து வந்த ரிப்போர்ட்டு

தெனம் சாயங்காலம் பெல்லு அடிக்கறதுக்கு முன்னாடி தர்ஷினி ஒரு புது வரி படிப்பா. அத வாய்ஸ் நோட்டா போட்டு, கீழ எது வரலன்னு எழுதி அனுப்புவேன். செல்வி அக்கா கட்டு கட்டி முடிச்சி கேட்டுட்டு பதில் போடும். பின்னாடி காஞ்ச கரும்புச் சோகை சலசலக்கும், ட்ராக்டர் சத்தம், தூளில சின்னவன் கத்தல்.

ரெண்டு வாரத்துல அவ பொளந்து கட்டினா. மூனு எழுத்து, நாலு எழுத்து, எல்லாம் சரசரன்னு. நானே அசந்துட்டேன். செல்வி அக்கா கிட்ட இருந்து வாய்ஸ் வந்துச்சி:

“டீச்சர், நேத்தும் இன்னைக்கும் அவ படிக்கல. ஒப்பிக்கறா. நீ முன்னாடியே ஒருக்கா படிச்சி காட்டறியா?”

படிச்சி காட்டினேன்தான்! புள்ள பயப்படுதேன்னு ஒரே ஒரு வாட்டி. அத யாருக்கும் சொல்லல. எங்கயோ கரும்புக் காட்டுல நிக்கற ஆளுக்கு எப்படி தெரிஞ்சிச்சி? போன் போட்டு கேட்டேன்.

“எம்பொண்ணு கொரலு எனக்கு தெரியாதா? தெரிஞ்சத சொல்றப்ப பாட்டு மாதிரி ஒரே இழுவையா வரும். படிக்கறப்ப நடுவுல மூச்சு வாங்குவா. மூச்சு வாங்கினா நல்லது டீச்சர். நீ படிச்சி காட்டாத.”

 இத எந்த ட்ரெயினிங்லயும் எனக்கு யாரும் சொல்லல. மறுநாள்ல இருந்து இருவத்திரெண்டு புள்ளைங்களும் படிக்கறப்ப மூச்ச கேட்டேன். இன்னும் நாலு பேரு பாட்டு பாடிக்கினு இருந்தானுங்க. அதுல மஞ்சுளா அக்கா பையனும் ஒருத்தன். அன்னைக்கே அவங்க வூட்டுக்கு நேர்ல போயி சொன்னேன். அவங்க சிரிக்கல. உக்காருங்கன்னு பாய் போட்டாங்க.

7. பெண்ணாடம் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை

மார்ச்சு மாசம் தர்ஷினியையும் அவ அத்தையையும் கூட்டிக்கினு கேங்கு தங்கி இருக்கற எடத்துக்கு போனேன். மதியம், எல்லாரும் சாப்புட உக்காந்த நேரம். ட்ராக்டர் டிப்பர் பலகைல சாக்பீஸால வார்த்தை எழுதி இருந்துச்சி. தர்ஷினிக்கு வரலன்னு நான் அனுப்பின வார்த்தைங்க! கேங்குல மத்த ஜோடிங்க கூட்டியாந்த புள்ளைங்க அஞ்சு பேரு அத படிச்சிக்கினு இருந்தாங்க. செல்வி அக்கா ஒரு நோட்டு வெச்சிருந்துச்சி. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பக்கம், எது வருது, எது வரல. கஞ்சி குடிச்சிக்கினே அந்தந்த அம்மாவ கூப்புட்டு படிச்சி காட்டுச்சி. அந்த அம்மாங்க கைய கூட கழுவாம நின்னு கேட்டாங்க. எங்க ஸ்கூலு பேரண்ட்ஸ் மீட்டிங்ல நான் யாரும் இப்படி நின்னு பாத்ததில்ல. 

அப்புறம் செல்வி அக்கா இடுப்புல இருந்து ஒரு மடிச்ச பேப்பர எடுத்துச்சி. “நானே எழுதினது. டீச்சருக்கும் காட்ட மாட்டேன். படி.”

கேங்கே சுத்தி நின்னுச்சி. ஏழுமலை அண்ணன் மட்டும் தள்ளி, தலப்பாவ அவுத்து கைல வெச்சிக்கினு. மேட்டர் சிம்பிளு. இவ படிக்கலன்னா, அந்த தவழ்ற புள்ளைய கத்திக்கும் ட்ராக்டருக்கும் நடுவுல வெச்சிக்கினு அவங்க பட்ட பாடு வேஸ்ட்டு. 

தர்ஷினி வெரல வெச்சா.

“நீ... இல்லாம... வெயிலு... அதிகமா இருக்கு.” மூச்சு வாங்கினா. “அப்பா... உன்னை... தெனமும்... கேக்கறாரு.” மூச்சு வாங்கினா. “தம்பிக்கு... மேல... ரெண்டு பல்லு... மொ... மொள...”

நின்னுட்டா. யாரும் உதவல. நான் ஒதட்ட கடிச்சிக்கினேன்.

“மொளைச்சிருக்கு.”

ஒரு செகண்டு பேப்பரயே பாத்தா. அப்புறம் அத கீழ போட்டுட்டு தூளி பக்கம் ஒரே ஓட்டம். தம்பி வாய வெரலால பொளந்து பாத்து, “ஆமா! ரெண்டு! அத்தே, ரெண்டு பல்லு!”ன்னு கத்தினா.

செல்வி அக்கா மூஞ்சிய சோகை பக்கம் திருப்பிக்கிச்சி. ஏழுமலை அண்ணன் தலப்பாவால கண்ண தொடச்சாரு, வேர்வைன்னு.

நான் கத்துக்கினது இவ்ளோதான். ஒரு புள்ளைய பத்தி அம்மா அப்பாவுக்கு சொல்லணும்னா மொதல்ல நாம அந்த புள்ளைய பாத்திருக்கணும். சொல்லிட்டு நிறுத்தக்கூடாது, அவங்க சொல்றதயும் கேக்கணும். நம்மள விட அவங்களுக்கு நெறைய தெரியும், நெஜமா.

கொஞ்ச நேரம் கழிச்சி செல்வி அக்கா மூக்க உறிஞ்சிக்கினு என்கிட்ட வந்துச்சி. “இன்னைக்கு ரிப்போர்ட்டு இன்னும் வரல டீச்சர்.”

“அக்கா, நீங்க எதிர்லயே நிக்கறீங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேற.”

“தெனம்னா தெனம்.”

அங்கயே நின்னு டைப் பண்ணேன்: “நாலு வரியில் மூன்று படித்தாள். மூன்றாவதில் ஒரு வார்த்தையில் நின்றாள், தானே சேர்த்துப் படித்தாள். நாலாவது வரி படிக்கவில்லை. தம்பியின் பல்லைப் பார்க்கப் போய்விட்டாள்.”