வந்துட்டோம் என்றால் எங்கே நிற்கிறீர்கள்?

போன வாரம் மகள் கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு வந்தாள். பஸ் எங்கே வருகிறது என்று கேட்க அழைத்தேன். "வந்திட்டன் அப்பா" என்றாள். "கண்ணுக்கு முன்னால என்ன தெரியுது?" என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. முன்சீட்டு மாமாவின் வழுக்கைத் தலை தெரிகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். யார் வந்துவிட்டேன் என்றாலும் நான் இப்படித்தான் கேட்பேன். மகளுக்கு எரிச்சல், மனைவிக்கு எரிச்சல், வாசலுக்கு வரும் மீன்காரருக்குக்கூட எரிச்சல். ஏன் கேட்கிறேன் என்று அவர்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு இரத்தினபுரி மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. கலவான பக்கத்தில் ஒரு அரச அலுவலகம். தமிழில் எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதனால் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் எந்த அலுவலாக வந்தாலும் என் மேசைக்கே அனுப்புவார்கள். பால் வெட்டிவிட்டு நேரே வருபவர்களின் உடுப்பில் ரப்பர்ப் பால் புளித்த வாசம் இருக்கும். இன்றைக்கும் வீட்டில் புளித்த தோசைமா வாளியைத் திறந்தால் எனக்குப் பசி வருவதில்லை. அந்த மேசைதான் ஞாபகத்துக்கு வரும்.

அவர்களுடைய தமிழ் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது எரிச்சல் வந்தது. பேச்சுக்கு நடுவில், சரி என்பதற்கு, 'ஹரி சார்' என்பார்கள். கொஞ்சம் இருங்கள் என்பதற்கு, பாதி சிங்களமாக, 'பொட்டக் இருங்க' என்பார்கள். கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கும். வந்து நின்று "சும்மாதான் சார் வந்தோம்" என்று தொடங்குவார்கள். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆமாம் என்பதற்கு நான் சொல்லும் 'ஓம்' கேட்டால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சீக்கிரம் வரச்சொல்லி 'கெதியா வாங்கோ' என்றால் என்ன கதி என்று விழிப்பார்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வதைத்தது 'இந்தா வந்துட்டோம்' என்பதுதான். எங்கள் பக்கத்திலும் ஆட்கள் 'இந்தா வாறன்' என்று சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வருவார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் ஆள் இன்னும் வழியில்தான் இருக்கிறார். இங்கேயோ, வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே வினை முடிந்துவிடுகிறது.

இதில் முதல் ஆள் செல்வராணி. மலைச்சரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் இருந்தவர், பால் வெட்டுபவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அந்த லயத்து எட்டுக் குடும்பங்களுக்கும் இருந்த ஒரே கைபேசி அவருடையது என்பதால் எல்லாத் தகவலும் அவர் மூலம்தான் போகும். எட்டு மணிக்கு வந்துட்டோம் என்பார், பத்தேகாலுக்குப் படியேறுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், வராமல் வந்துட்டோம் என்று சொல்லாதீர்கள், எனக்கு விசர் வருகிறது என்று சொல்லிவிட்டேன். ராணியக்கா சிரித்தார். தொலைபேசியிலும் அவர் பாதி சிரிப்போடுதான் பேசுவார்.

"மனசு வந்துருச்சுல்ல சார். காலு பின்னால வரும்."

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள், மேல் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்புக் கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. எல்லாரையும் கீழே பன்சலை என்ற பௌத்த விகாரை மண்டபத்துக்கு இறக்கச் சொன்னார்கள். பதிவேட்டோடு என்னை அங்கே அனுப்பினார்கள். காலையிலேயே ராணியக்காவை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம் எல்லாத்தையும் மறக்காமல் கொண்டு வாங்கோ. பிறகு என்னட்ட வந்து நிக்கக்கூடாது" என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தைகளை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குள் ஏழு குடும்பங்கள் இறங்கிவிட்டன. ராணியக்காவின் குடும்பம் மட்டும் மிச்சம். அவர், கணவர், இரண்டு பெண்பிள்ளைகள், கணவரின் தம்பி, ஐந்து பேர். அழைத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். மழை இரைச்சலுக்குள் அவருடைய குரல் வந்தது.

"இந்தா வந்துட்டோம் சார்."

அதே நேரம் பன்சலை வாசலில் நாலைந்து குடைகள் ஒன்றாக ஒதுங்கின. குடைகளுக்குள் யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து பெயர்களுக்கும் நேரே சரி போட்டேன்.

வெளியே டிராக்டரை இயக்கி வைத்தபடி சுமணபால இருந்தார். தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். கடைசியாக ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவரத் தயாராக நின்றார். பக்கத்தில் நின்ற அந்த ஊர்க் கிராம சேவகர் என்னிடம் திரும்பி, எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்டார். "ஒக்கொம ஆவாத?"

"ஆவா" என்றேன். வந்துவிட்டார்கள். சிங்களத்திலும் வினை முடிந்துவிட்டது. சுமணபால இயந்திரத்தை நிறுத்தினார்.

பத்து நிமிடம் இருக்கும். லொறியிலிருந்து கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம் தொடங்கியது. லொறிச் சத்தம் என்றால் கொட்டி முடிந்ததும் நிற்கும். இது நிற்கவில்லை. உட்கார்ந்திருந்த வாங்கு என் தொடைக்குக் கீழே நடுங்கியது. பிறகு நின்றது. மழைக்குள்ளால் ஒரு வாசம் வந்தது, பச்சை வேரும் ஈர மண்ணும் பிளந்த வாசம்.

மேல் லயத்து லெட்சுமிதான் என்னிடம் வந்தாள். "ராணியக்கா எங்க சார்?"

"வந்திட்டினம்" என்றேன். சொல்லிக்கொண்டே கண்ணால் தேடினேன். குடைக்காரர்கள் தூணோரம் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த் தோட்டத்து ஆட்கள். பதிவேட்டைக் குனிந்து பார்த்தேன். என் கையெழுத்தில் ஐந்து சரிகள்.

அழைத்தேன். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பதிவு செய்த குரல் மூன்று மொழியில் சொன்னது. மறுபடியும் அழைத்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று மொழியையும் கடைசிவரை கேட்டேன், அதற்குப் பிறகு அவருடைய குரல் வந்துவிடும் என்பதுபோல.

கிராம சேவகரிடம் போய்க் காதோடு, அவர்கள் வரவில்லை, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். தள்ளி நின்ற சுமணபாலவுக்கு அவசரம் மட்டும்தான் விளங்கியது, மண்வெட்டியோடு பின்னால் வந்தார். மூன்றாவது வளைவு வரை ஓடினோம். அதற்குமேல் வீதி இல்லை. வீதி இருந்த இடத்தில் சிவப்புச் சேறு நின்றது. அதற்குள் ரப்பர் மரங்கள் பால் வடியும் சிரட்டை கட்டியபடியே சரிந்து நின்றன. சேறு இன்னும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்கிய ஒரே விஷயம், வந்துட்டோம் என்று சொன்னவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் வந்துகொண்டிருந்திருப்பார்கள் என்பது. கத்திக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மலையிலிருந்து சிறு கற்கள் உருளத் தொடங்கியதும் கிராம சேவகர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போனது. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து பேரை நினைத்தேன்தான். அந்தச் சரிகளை யாராவது பார்த்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன்.

நாலரை மணிபோல், பின்பக்க ஓடை வழியாக, இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவில் ஐந்து பேர் வரிசையாக வந்தார்கள். தொடைவரை செம்மண். ராணியக்காவின் வயிற்றில் சேலையால் இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பை. நேரே என்னிடம் வந்து பையை அவிழ்த்தார்.

"சின்னவ சட்டிபிகேட்டு கெடைக்கல சார். நீங்க ஏசுவீங்கன்னு தேடிக்கிட்டே இருந்தோம்."

நான் அழைத்தபோது அவர்கள் காம்பராவுக்குள், அந்த லயத்து அறைக்குள்தான் இருந்திருக்கிறார்கள். மண் வீதியையும் லயத்தின் முன்பக்க அறைகளையும் கொண்டுபோனது. பின்பக்க அறையில் இருந்த இவர்கள் ஜன்னலை உடைத்து வெளியேறியிருக்கிறார்கள். சொன்னபடி அப்போதே கிளம்பியிருந்தால் அந்த வளைவில் நின்றிருப்பார்கள். சுமணபாலவின் டிராக்டரும் அங்கேதான் நின்றிருக்கும்.

மறுநாள் காலை சுமணபால என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் ஏதோ உணர்ந்துதான் அவரைத் தடுத்தேன் என்று அவர் நம்பினார். கடைக்குக் கூட்டிப்போய்ப் பிளேன்டீயும் பணிஸும் வாங்கித் தந்தார். குடித்தேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்து, பணிஸை மென்றேன். நான் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை எங்கே கண்டாலும் டிராக்டரிலிருந்து கையெடுத்துக் கும்பிடுவார். இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்குச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். விஷயம் தெரிந்த கிராம சேவகரும், அன்றே நான் சொல்லிக் கேட்ட ராணியக்காவும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தச் சின்னவளின் கல்யாணத்துக்குப் போனேன். மேல் லயம் இருந்த இடத்தைப் புதர் மூடிவிட்டது. எட்டுக் குடும்பங்களுக்கும் பெரிய வீதியோரம் தனித்தனி வீடு. சுமணபால இறந்துவிட்டார், இனி அவரிடம் சொல்லவும் முடியாது. கலவான பஸ் நிலையத்தில் இறங்கி, கூட்டிப்போக யாராவது வருகிறார்களா என்று ராணியக்காவை அழைத்தேன்.

"வீட்டுக்காரரோட தம்பி இன்னும் கெளம்பல சார். சட்டை மாத்திக்கிட்டு இருக்கு. ஆட்டோ ஸ்டார்ட் பண்ணல. கெளம்புனதும் நானே கோல் எடுக்கிறேன்."

சொன்னபடியே பத்து நிமிடத்தில் அழைத்தார். ஆட்டோ பாலத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் இரண்டு வளைவு இருக்கிறது என்றார். கல்யாண வீட்டில் கவனித்தேன், லெட்சுமியும் அப்படித்தான் பேசினாள், பிள்ளைகளும் அப்படித்தான். அந்த மண்சரிவுக்குப் பிறகு யாருடைய வாயிலும் வினை முன்கூட்டி முடியவில்லை. ராணியக்காவின் குரலில் அந்தப் பாதிச் சிரிப்பும் இல்லை. நான் ஒருகாலத்தில் கேட்டுக்கொண்ட தமிழ் இதுதான், ஒரு பிழை சொல்ல முடியாது. பயந்தவர்கள் பேசும் தமிழ் அது. எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அதைத்தான் பேசுகிறேன்.