கலாட்டாவின் கயிறு கைமாறிய நாள்

2004-ஆம் வருடம் என்று நினைவு. ஓசூர் ரோட்டில் மேம்பாலம் வராத காலம். நாங்கள் அப்போது பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் குடியிருந்தோம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. கூண்டு கழுவுவது, சோறு வைப்பது, நாய்களை நடக்கக் கூட்டிப்போவது அங்கே என் வேலை. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பஸ் ஏறிய பிறகு காஸ் மூடினேனா என்று சந்தேகம் வந்து, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வீட்டுக்கு ஓடுகிற ஆள். எனக்குப் போய் நாய் வேலையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்யாத நாளில்லை.

அங்கே கலாட்டா என்று ஒரு நாய் இருந்தான். லாப்ரடாரும் தெருநாயும் கலந்த கறுப்பன். மூன்று குடும்பங்கள் ஆசை ஆசையாக வாங்கிப்போய், மூன்றுமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டன. ஒரு வீட்டில் சோபாவைப் பஞ்சு பஞ்சாகப் பிய்த்திருக்கிறான். இன்னொரு வீட்டில் பாத்ரூம் கதவைத் தின்றிருக்கிறான். ஒரு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது. கூண்டில் அடைத்தால் தன் வாலையே துரத்திச் சுற்றுவான், பிடித்துக் கடித்து ரத்தமாக்குவான். கட்டுப் போட்டால் கட்டையும் கடித்துத் துப்புவான். சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் கூண்டுக்குள்ளேயே செத்துவிடும் என்று டாக்டர் சொன்ன அன்று நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தனியார் செக்யூரிட்டி கம்பெனியின் பயிற்சியாளர் எங்கள் காப்பகத்துக்கு வந்தார். பெங்களூர் நீலசந்திராக்காரர், என் வயதுதான் இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளின் வாசலில் வண்டிகளையும் பைகளையும் மோந்து பார்க்க நாய்கள் வேண்டும் என்றார். ரப்பர் பந்தை முட்புதருக்குள் வீசினார். மற்ற நாய்கள் புதரைப் பார்த்துவிட்டுத் திரும்பின. கலாட்டா மூக்கெல்லாம் கீறலோடு பந்தைக் கவ்விக்கொண்டுதான் வெளியே வந்தான்.

"இந்தப் பைத்தியம்தான்கா எனக்கு வேணும்" என்றார்.

அவர் வாரத்தில் சில நாட்கள்தான் வருவார். மற்ற நாட்களில் பயிற்சி என் பொறுப்பு. மூடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாக்களை வரிசையாக வைப்பேன். ஒன்றில் மட்டும் வெடிமருந்து வாசம் ஏற்றிய பஞ்சு இருக்கும். சரியான டப்பாவின் முன்னால் கலாட்டா உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பரிசாகப் பந்து பறக்கும். அவ்வளவுதான் பாடம். கொஞ்ச நாளிலேயே ஒருமுறைகூடத் தவறாமல் உட்கார்ந்தான். வால் புண்ணும் ஆறியது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கலாட்டாவை வேலைக்கு எடுக்கக் கம்பெனி வைக்கும் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பயிற்சியாளர் தன் கையாலேயே டப்பாக்களை வைத்தார். பஞ்சு நாலாவதில் இருக்கிறது என்று என் காதில் சொன்னார். கலாட்டாவைக் கூட்டிப்போனேன். நாலாவது டப்பா முன்னால் சட்டென்று உட்கார்ந்தான். நான் பந்தை எடுக்கப்போக, அவர் என் கையைத் தடுத்துவிட்டு அந்த டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"அது டப்பாவ மோந்தே பாக்கலக்கா. உங்க மூஞ்சியத்தான் பாக்குது. சரியான டப்பா கிட்ட வந்தா நீங்க மூச்சப் புடிக்கறீங்க, கயிறு இறுகுது. அத வெச்சு உக்காருது."

இத்தனை நாளும் அவன் படித்தது வெடிமருந்து வாசத்தை இல்லை, என் படபடப்பை. அன்றிலிருந்து பஞ்சு எங்கே என்று எனக்குத் தெரியாதபடி டப்பாக்களை வேறு ஆட்களை வைக்கச் சொன்னோம். கலாட்டா முதலில் திணறினான், பிறகு மெல்ல மெல்ல மூக்கை நம்ப ஆரம்பித்தான். ஆனால் நான் பதற்றமாக இருக்கும் நாட்களில் மறுபடி என் முகத்தைத்தான் பார்ப்பான். நான் பதற்றமில்லாமல் இருக்கும் நாள் எது?

தேர்வு ஒரு கட்டடத்தின் அடித்தள பார்க்கிங்கில் நடந்தது. பைகளும் பெட்டிகளும் வரிசையாக இருந்தன. சிரிக்கவே சிரிக்காத ஒரு கம்பெனி அதிகாரி ஓரமாக நின்றார். கயிறு என் கையில் வேர்வையில் வழுக்கியது. தோற்றால் மறுபடி அந்தக் கூண்டு, மறுபடி அந்த வால் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பை என்று தெரியாததால் எனக்கு எல்லாப் பையும் பயமாக இருந்தது. கலாட்டா ஒவ்வொரு பையிடமும் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான். கடைசியில், பாவம், ஏதோ ஒரு நீலப் பையின் முன்னால் உட்கார்ந்தான். தப்பு. இன்னொரு தப்பு செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார் அதிகாரி.

பயிற்சியாளர் அவரிடம் கன்னடத்தில் ஏதோ அனுமதி கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"கயித்த எங்கிட்ட குடுங்க. நீங்க ஸ்வல்ப நேரம் மேல போய் நில்லுங்கக்கா. இங்க நீங்க இருந்தா அது உங்களத்தான் பாக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு போட்டவள் நான், புண்ணுக்கு மருந்து போட்டவள் நான். ஆனால் கலாட்டாவைப் பார்த்தேன். அவன் காதை மடக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். என் நடுக்கம்தான் அது. கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறி வெளியே வந்தேன்.

வெளியே கம்பெனி வண்டிகளின் ஹாரன் சத்தம். கீழே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கலாட்டா ஒரு தடவை குரைத்தான், என்னைத் தேடுகிறான் என்று கால் தன்னால் இரண்டடி கீழே இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. முடிந்தது, தோற்றுவிட்டான் என்றே நினைத்தேன். அப்போது கீழே ஏதோ ஷட்டரில் பந்து மோதித் துள்ளும் சத்தம் கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே வந்தான். வாயில் பந்து, வால் நேராக. என்னைக் கடந்து செக்யூரிட்டி கம்பெனி வேனில் தாவி ஏறினான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு நிம்மதியான முகத்தை அவனிடம் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இப்போது என் மகள் இன்டர்வியூக்களுக்குப் போகிறாள். கூடவே போய் வாசலில் நிற்க மனசு அடித்துக்கொள்ளும், ஆனாலும் என் பயத்தை அவள் கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்று, பஸ் ஸ்டாப்போடு நின்று சிரித்துக் கையாட்டிவிட்டு, பஸ் மறைந்த பிறகுதான் நடுங்குகிறேன்.