மூன்று கொட்டேஷனும் ஒரு மாடி அறையும்

மூன்று தாள்கள். ஒன்று கணினியில் அடித்தது, ஒன்று வாட்ஸ்அப்பில் வந்ததை நானே அச்செடுத்தது, மூன்றாவது சிமெண்டுக் கடை ரசீதின் பின்பக்கம் பென்சிலில் எழுதியது. போன வருஷம் வைகாசி முழுக்க அவை என் சட்டைப்பையிலேயே கிடந்தன. அலுவலகத்தில், ஷேர் ஆட்டோவில், சாப்பிடும்போதுகூட எடுத்து எடுத்துப் பார்ப்பேன். திருச்சானூரில் எங்கள் வீட்டு மாடியில் புதிதாகக் கட்டிய ஓர் அறை வெறும் சிமெண்டுப் பூச்சோடு நின்றிருந்தது. அந்தச் சொரசொரப்பு மறையப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க மூன்று பேர் கொடுத்த கொட்டேஷன்கள் அவை. அறை அக்காவுக்காகக் கட்டியது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். நகரிப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அவள் சம்பளத்தில்தான் நான் டிகிரி முடித்தேன். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மகனுக்கு வீடு வேண்டுமென்று ஆனிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். “ஆடி பொறந்துட்டா குடி போவக்கூடாது. அதுக்குள்ள ரூமை முடிச்சுடுவ இல்லடா?” என்று போனில் கேட்டாள். “இன்னாக்கா, பதினஞ்சு நாள் வேலை” என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. முதல் ஆள் தரையை அளந்து விலை போட்டிருந்தார். இரண்டாமவர் சுவரை அளந்திருந்தார், கதவு ஜன்னலையும் சேர்த்து. மூன்றாமவர் அளக்கவே இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை எழுதினார். தரைக் கணக்கையும் சுவர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். புத்தி வந்ததும் நானே டேப் பிடித்து அளந்தேன், ஜன்னலைக் கழித்தேன். பட்டி ஒரு பூச்சா இரண்டு பூச்சா, பிரைமர் யார் செலவு என்று மறுபடி மூன்று பேருக்கும் போன். “ஏமி சார், ஒரு ரூமுக்கு இத்தினி கேள்வியா?” என்று இரண்டாவது மேஸ்திரி அலுத்துக்கொண்டார். மனைவி நேராகவே சொன்னாள்: “யாரையாவது ஒருத்தர வரச்சொல்லுங்க. அவங்க அங்க மூட்டை கட்டிக்கினு உக்காந்திருக்காங்க.”

கடைசியில் அந்த இரண்டாவது மேஸ்திரிக்கே சரி என்றேன். “ஆஷாடம் வந்திடுச்சே சார். புது வேலை தொடமாட்டோம். சிராவணத்துல வரேன்” என்றார். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் நம் ஆனியிலேயே பிறந்துவிடும்; அவர்களுக்குச் சிராவணம் பிறக்கும்போது நமக்கு ஆடி நடந்துகொண்டிருக்கும். அவருக்கு நல்ல மாதம் வரும்போது அக்காவுக்கு ஆகாத மாதம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் வளர்ந்தவன் நான், இதை எப்படி மறந்தேன்? சொல்லிவிடுகிறேன்: அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அக்கா வந்தால் அவள் வைத்ததுதான் சட்டம். இந்த வயதில் மறுபடியும் தம்பியாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பயம் எனக்குள் இருந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் அத்தனை சதுர அடிக் கணக்கும் போட்டேனோ என்று நினைத்தால் இன்றும் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா “சரிடா” என்றாள். அறை இருக்கிறபடியே வந்துவிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை. ஆனி கடைசி வாரம், கூட வேலை பார்த்த சிநேகிதி இருக்கும் குப்பம் டவுனுக்குப் போய்விட்டாள்.

அறை ஆவணியில் முடிந்தது. அவளுக்குப் பிடித்த இளமஞ்சள்தான். கூப்பிடும்போதெல்லாம் “வரேன்டா” என்பாள், வரமாட்டாள். போன மாதம் கையோடு அழைத்துவருவது என்று நானே குப்பம் போனேன். பாதியில் நிற்கும் ஒரு புதுவீட்டின் பின்பக்கத்தில் ஒற்றை அறை. களியும் கீரையும் போட்டு, “துன்னு, ஆறிடப்போவுது” என்றாள். சாம்பல் நிறத்தில், சொரசொரவென்றிருந்த அந்தச் சிமெண்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடா பாக்கற? இதுக்கும் பட்டி பாக்கலதான்” என்று அக்கா சிரித்தாள். “வந்த அன்னிக்கே நல்லாத் தூங்கினேன்.”

வீட்டுக்கு வா அக்கா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். சொல்லாமலே பஸ் ஏறினேன்.