இரண்டாம் தடவை கேட்பவர்

“தேத்தண்ணி பிறகு. முதல் இதை முடிப்பம்.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கனகேஸ்வரி இதைச் சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் வற்புறுத்துவார். தண்ணீர்க் கேத்தில் ஏற்கெனவே அடுப்பில் இருக்கும். அவர் அசையமாட்டார். தேநீர் கொடுத்தவர் அந்த நிமிடத்திலிருந்து உபசரிப்பவராகிவிடுகிறார், வந்தவரின் மனம் கோணாதபடியே பதில் சொல்கிறார் என்பது அவர் கண்டது. “தேத்தண்ணி தந்தாப் பிறகு ஒருத்தரும் தங்களுக்குக் கஷ்டம் எண்டு வாய் திறக்கிறேல்லை” என்பார்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த பெண்மணி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, அதில் குடை, கிறீம் கிறேக்கர் பிஸ்கற் பைக்கற், இரண்டு நீலப் பேனை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் தங்கை வீட்டில் இருக்கிறார். கொழும்பின் தமிழ் வீடுகளில் ஏறி இறங்கிக் கேள்வி கேட்பதுதான் பல வருடங்களாக அவர் தொழில். சவர்க்காரம் பற்றிக் கேட்டிருக்கிறார், டெங்கு பற்றிக் கேட்டிருக்கிறார். இப்போது அவர் கொண்டு திரிவது மனத்திடத்தை அளக்கும் வினாக்கொத்து.

ஒரு வசனத்தை அவர் வாசிப்பார்: “திட்டம் குழம்பினால் வேறு வழி தேடுவேன்.” கேட்பவர் நான்கு பதில்களில் ஒன்றைச் சொல்லவேண்டும். முழுக்கச் சரி, ஓரளவு சரி, அவ்வளவு சரியில்லை, துப்புரவாகச் சரியில்லை. அடி விழுந்தபின் எழுந்து நடக்கும் வலு ஒருவரிடம் எவ்வளவு என்பதை இப்படிச் சில வசனங்கள் சொல்லிவிடும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிய மூல வினாக்கொத்து அதைச் சொல்கிறது. தமிழிலும் சொல்கிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. அதற்காக மூன்று வாரம் கழித்து அதே ஆளிடம் போய் அதே வசனங்களை வாசிக்கவேண்டும். ஒரே அரிசிப் பையைத் தராசில் இரண்டு தரம் வைப்பதைப் போல. முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் தராசை நம்பலாம்.

வாசிப்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. எந்த வசனத்திலும் குரல் ஏறாது, இறங்காது. மரணச் செய்தியையும் மழைச் செய்தியையும் ஒரே மாதிரி வாசிக்கும் வானொலிக்காரரைப் போல. பதில் எதுவானாலும் முகம் மாறாது. நிரப்பிய தாளை அங்கேயே உறையிலிட்டு ஒட்டிவிடுவார். ஒரு வீட்டின் பதில் அடுத்த வீட்டுக்குப் போகும்போது தலையில் இருக்கக்கூடாதாம். கூடத்தில் வேறு யாரும் இருக்கவும் விடமாட்டார். வெள்ளவத்தையில் ஒரு கணவர் மனைவிக்கு முன்பாக, “இவவுக்கு அப்பிடியெல்லாம் ஒண்டும் இல்லை, ‘முழுக்கச் சரி’ எண்டு போடுங்கோ” என்றார். “ஐயா, உங்கட முறை வரேக்க உங்களைக் கேக்கிறன். இப்ப ஒருக்கா கடைக்குப் போட்டு வாங்கோ” என்றார் கனகேஸ்வரி. அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

கொச்சிக்கடையில் துறைமுகத்து வேலைக்காரர் மீரா சாஹிப். ‘நாளாந்த வழக்கம் மாறுவது எனக்குப் பிடிக்கும்’ என்ற வசனத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “ஷிப்ட் மாறினா தூக்கமே போயிருது. அதுவா மிஸ் புடிக்கும்?” கனகேஸ்வரி சிரிக்கவில்லை. அதே வசனத்தை அதே குரலில் மறுபடி வாசித்தார்.

பிரச்சினை கொட்டாஞ்சேனையில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வந்தது. இரண்டாம் சுற்றில் அந்த மாடிக்காரர்கள் தடுமாறவே இல்லை. வசனம் முடியுமுன் பதில் வந்தது. யாரும் “அப்பிடின்னா என்னா மிஸ்?” என்று கேட்கவில்லை. கனகேஸ்வரி உள்ளுக்குள் மகிழ்ந்தார். “நான் நல்லா வாசிக்கிறன், அதுதான் விளங்குது எண்டு நினைச்சுப் போட்டன்.” உறைகளை ஒட்டி பம்பலப்பிட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து, அங்கே ஆய்வை நடத்தும் லவன் அவரைக் கூப்பிட்டார். மகன் வயது. மரியாதையான பிள்ளை.

“அக்கா, கோவிக்காதேங்கோ. இந்த மாடியில எல்லாரும் ஒரே பதில். ஒரு புள்ளடி கூட இடம் மாறேல்லை.”

“இருக்காது தம்பி.”

“நீங்களே பாருங்கோ.”

பார்த்தார். புள்ளடி போட்ட கட்டங்கள் எல்லாத் தாளிலும் ஒன்றே; ஒரே தாளைப் படியெடுத்ததுபோல் இருந்தது.

“ரெண்டாம் முறை உண்மையிலயே போனனீங்களோ?” என்று லவன் கேட்டார், மேசையைப் பார்த்தபடி.

வீட்டிலிருந்தபடியே தாள்களை நிரப்பிக் கொடுப்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. ஒருமுறை அந்தப் பெயர் எடுத்தவரை வேறெந்த அலுவலகமும் கூப்பிடாது. கனகேஸ்வரிக்கு வேறு தொழில் தெரியாது. கதவைத் திறப்பவர்கள் நம்புகிற ஒரு முகம்தான் இத்தனை வருடமாக அவர் சேர்த்த சொத்து. அவர் வாதாடவில்லை. “நாளைக்கு என்னோட வாங்கோ” என்றார்.

மறுநாள் மாலை இருவரும் அந்த மாடிக்கு ஏறியபோது இருளப்பன் சேர் வாசலிலேயே வரவேற்றார். அந்த மாடியில் குடியிருப்பவர், சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணிதம் சொல்லிக் கொடுப்பவர். கூடத்தில் வெண்பலகை, பிள்ளைகள் உட்காரும் நீள வாங்குகள். மிஸ்ஸோடு பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று மாடியே அங்கே கூடிவிட்டது.

“எங்க புளோர் எப்பிடி மிஸ்?” என்றார் இருளப்பன். “நல்லா செஞ்சிருப்பாங்களே.”

“எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கினம், சேர்.”

“பின்ன? அதே பேப்பர் திரும்ப வரும்னு நீங்கதானே சொன்னீங்க. வந்த கேள்விய எல்லாம் ஆளுக்கு ரெண்டு ஞாபகப்படுத்திச் சொன்னாங்க. சரியான விடையப் போட்டு ரிவிஷன் பண்ணிட்டோம்.”

அவர் முகத்தில் பெருமை மட்டும்தான் இருந்தது. லவனின் முகம் மாறியதைக் கண்டதும் குரல் தாழ்ந்தது. “காப்பி எல்லாம் இல்லிங்க. சும்மா ஒரு வழிகாட்டல். விடை அவங்கவங்க சொந்த விடைதான்.” வாங்குகளில் இருந்தவர்களும், “ஆமா ஆமா, சொந்த விடை” என்றார்கள். பரீட்சையில் பார்த்து எழுதியதாக யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?

லவன் சற்று யோசித்தார். கனகேஸ்வரியிடமிருந்து வெற்றுத் தாள் ஒன்றை வாங்கினார். முன்வாங்கில் இருந்த பெத்தாள் என்ற பெண்ணைப் பார்த்து, “உங்களிட்ட ஒருக்கா நான் வாசிக்கட்டோ?” என்று கேட்டார். பெத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். லவன் கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்கத் தொடங்கினார்.

“ஒரு பிரச்சினை வந்தால் நான் முடங்கிப் போகிறேன்.”

“முழுக்கச் சரி” என்றார் பெத்தாள், கணீரென்று.

“மற்றவர்கள் உதவாவிட்டால் என்னால் ஒன்றும் முடியாது.”

“முழுக்கச் சரி.”

“ஐயோ பெத்தாக்கா, அது முதல் ரெண்டு கேள்விக்குள்ள விடை!” இருளப்பன் பாய்ந்து எழுந்தார். “சார் கீழருந்து வாசிக்கிறாரு!”

வாங்கின் கோடியில் யாரோ சிரிக்க, சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. பெத்தாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, “அப்ப எங்க ரிசல்ட்?” என்று கேட்டார்.

“உங்களில பிழையில்லை அக்கா. இன்னொரு நாள் சொல்லுறம்” என்றார் லவன்.

திரும்பும்போது இரண்டாம் மாடிப் படிக்கட்டில் அவர் நின்றார். “சொறி அக்கா. நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது.”

“நீர் கேட்டது சரி” என்றார் கனகேஸ்வரி. “நானும் கேட்டிருப்பன்.”

இனி அந்தத் தாள்கள் ஆய்வில் சேரா. வேறொரு கட்டடத்தில் புதிதாக முதல் சுற்றிலிருந்து தொடங்கவேண்டும். நாளைக்கு அலுவலகத்தில் வைத்து எல்லாவற்றையும் ரத்துச் செய்துவிடலாம் என்றார் லவன். கனகேஸ்வரி லவனின் கோப்பிலிருந்து அந்த மாடியின் தாள்களைத் தானே எடுத்தார், எழுதும் அட்டையில் செருகினார். அட்டையை இரண்டு கையாலும் மேசைபோல் அசையாமல் நீட்டிப் பிடித்தார்.

லவன் முதல் தாளில் ‘ரத்து’ என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்ததைப் புரட்டப் போனார். கனகேஸ்வரியின் பெருவிரல் தாளை அழுத்திக்கொண்டிருந்தது. தாளின் அடியில், ‘காரணம்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வெற்றுக் கோடு.

“அது நான் கொம்பியூட்டரில போடுவன் அக்கா.”

விரல் நகரவில்லை.

லவன் பேனையை மறுபடி திறந்து, ‘நேரில் கேட்கப்பட்டது; மாடியினர் விடைகளை முன்கூட்டியே பேசி வைத்திருந்தனர்’ என்று எழுதினார். கனகேஸ்வரி அதை வாசித்துப் பார்த்தார். தாளைப் புரட்டினார். அடுத்த தாளிலும் விரலை அதே கோட்டின் ஓரத்தில் வைத்தார்.