பீரோவின் கீழ் முனை

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. பீரோவின் மேல் முனை என் அக்கா புருஷனுக்கு. கீழ் முனை எனக்கு. மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. மேலே இருப்பவர் தள்ளாமல் வந்தால் பிழைத்தான்.

மாமா தள்ளுவார். தொழிலில் அவருக்குப் பெயரே புல்டோசர். சாப்பிட உட்கார்ந்தால் மேசை நகரும். கதவைத் திறந்தால் கீல் அலறும். என் இடது கால் கட்டைவிரல் நகம் முளைப்பதும் விழுவதுமாகவே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தெரு லாரிக்காரரிடம் ரகசியமாகப் பேசி முடித்தேன். அடுத்த மாதம் முதல் அவரிடம் வேலை. மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மனுஷன் தங்கம். ஆனால் தங்கம் காலில் விழுந்தாலும் நகம் போகும்.

அந்தச் சமயத்தில் ஒரு தற்காப்புக் கலைக் கூடத்துக்குப் பெரிய கண்ணாடி ஒன்றை ஏற்றப் போனோம். அங்கே மாஸ்டர் ஒரு குள்ளமான பெண்; ஓயாத ஜலதோஷக்காரி. மாமா என்னைச் சுவரோடு சுவராக நசுக்குவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சாயங்காலம் கிளாஸுக்கு வாங்களேன்" என்றார்.

"என் கையப் பாத்து அசந்துட்டாங்க மாப்ள" என்று மாமா பூரித்துப்போனார்.

பயிற்சி என்னவென்றால், எதிரெதிரே நின்று முன்கையோடு முன்கையை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கை பிரியக் கூடாது, தள்ளவும் கூடாது. எதிராளி நகர்ந்தால் கூடவே நகர வேண்டும்.

"அடிக்கிறது எப்ப மேடம்?" என்று கேட்டுக்கொண்டே மாமா மாஸ்டரைத் தள்ளினார். தள்ளிய இடத்தில் ஆள் இல்லை. நேரே போய்ச் செருப்பு ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தார். மறுபடி தள்ளினார், இந்த முறை மெத்தைக் குவியல். கூடமே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

"எங்க போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போகக் கூடாதா மேடம்?"

மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான் சொல்லிட்டீங்களே. தள்றதுக்கு முன்னாடியே உங்க கை சொல்லிடுச்சு. கண்ணு பாத்து மூளை முடிவெடுக்கறதுக்குள்ள அடி விழுந்துரும். தொட்டுக்கிட்டிருக்கிற கைக்கு முன்கூட்டியே தெரியும். ஆனா முழு பலத்தையும் குடுத்துட்டா எதிராளி என்ன செய்யப் போறான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதைப் பழகத்தான் இது."

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விடவில்லை. சமையலறையில் அக்காவின் முன்கையோடு கையை ஒட்டப் போய்க் கரண்டியால் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருநாள் வண்டியில் என் முன்கைமேல் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"மாமா, வண்டிய ஓட்டுறது நீங்க!" என்று கத்தினேன்.

மாதக் கடைசியில் ஒரு இரும்பு பீரோவைக் குறுகலான படியில் இறக்கிக்கொண்டிருந்தோம். என் குதிகால் வழுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த பாரம் காணாமல் போயிருந்தது. மாமா அதை மேல்பக்கமாக இழுத்து நெஞ்சில் தாங்கி நின்றார். திருப்பத்தில் இறக்கிவைத்தோம். அவர் பீரோவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க மாப்ள போற?"

"எங்கயும் போகல மாமா. கால் வழுக்கிடுச்சு."

"அது தெரியும். கொஞ்ச நாளா நீ பாதி ஆளாத்தான் தூக்குற. மீதி ஆள் எங்க போறான்?"

லாரிக்காரர் விஷயம், நகம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா என் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னை மேலே அனுப்பிவிட்டு, கீழ் முனைக்கு அவர் வந்தார்.

"இன்னிக்கு நான் பின்னால இறங்குறேன். நீ பாத்து வா."

பார்த்துத்தான் வந்தேன். ஆனால் மேலே நின்றால் கை தானாகத் தள்ளுகிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு படிகூட இறங்கியிருக்க மாட்டோம்.

"ஐயோ மாப்ள, நகம்!"

அன்று சாயங்காலம் லாரிக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, கிளாஸுக்கு முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மாமா நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.